கோல் அடிச்சவனுக்கு மட்டும்தான் புள்ளியா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு தட்டுவடை செட் வண்டியைச் சுற்றி நாலு காலேஜ் பசங்க. ஒருவன் கையில் நாற்பது பக்க நோட்டு. ஐ.பி.எல்.லா? இல்லை. டி.என்.பி.எல்.லா? அதுவும் இல்லை. ஹாக்கி! தமிழ்நாடு டிராகன்ஸ் அணியின் அடுத்த சீசனுக்கு ஃபேண்டஸி டீம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாழப்பாடியில் கிரிக்கெட் மைதானமும் சின்னப்பம்பட்டியில் ஒரு நடராஜனும் இருக்கிற மாவட்டத்தில், ஹாக்கிக்கு நாலு பேர் கூடி நின்றதே பெரிய விஷயம் :-)

ஆட்டம் ரொம்ப சிம்பிள். ஆளுக்கு ஐந்து வீரர்கள். அதில் ஒருவர் கேப்டன், அவருக்கு இரட்டைப் புள்ளி. முதல் மூன்று பேரும் யோசிக்கவே இல்லை. பெனால்டி கார்னர் அடிக்கும் டிராக்ஃப்ளிக் வீரரைக் கேப்டனாகப் போட்டுவிட்டார்கள். நாலாவது ஆள் மட்டும், எதிரணியின் பெனால்டி கார்னர் வரும்போது கோலுக்குள் இருந்து முதலில் பாய்ந்து ஓடிப் பந்தை மறிக்கிற டிஃபெண்டரின் பெயரை எழுதினான்.

"டேய், அவன் ஒரு சீசனுக்கு ரெண்டு கோல் அடிச்சாலே அதிசயம்டா!"

"விடு மாப்ள, கடைசி இடம் வேணும்னு அவனே கேட்டு வாங்குறான்."

மூவரும் சிரித்தார்கள். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்த நாலாவது பையன் ஹாக்கியைச் சரியாகப் பார்த்திருக்கிறான். தப்பு அவன் தேர்வில் இல்லை, அவர்கள் எங்கிருந்தோ அப்படியே எடுத்து நோட்டில் ஒட்டிக்கொண்ட புள்ளிப் பட்டியலில் இருக்கிறது. கோல் அடித்தால் புள்ளி, அடிக்காவிட்டால் முட்டை. (நாமக்கல் பக்கத்திலேயே இருந்தால் எல்லாவற்றுக்கும் முட்டைதானா!) இந்தப் பட்டியலைக் கிழித்துப் போடாமல் டிராகன்ஸின் அடுத்த சீசனைப் பற்றி எவ்வளவு ஆரூடம் சொன்னாலும் அது வெறும் ஜல்லி.

டிராகன்ஸ் யார்?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு ஃப்ளாஷ்பேக். தமிழ்நாட்டுப் பெயரில் ஹாக்கி லீக் அணி வருவது இது முதல் தடவை இல்லை. 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. அந்த லீக் 2008-ஓடு மூட்டை கட்டியது. 2012-இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி வந்தது, சென்னை சீட்டாஸ் வந்தது. ஒரே சீசன், அம்புட்டுதான். 2013-இல் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியது. 2017 வரை நடந்த அதில் தமிழ்நாட்டு அணியே கிடையாது. பிறகு ஏழு வருஷம் லீக்கே கிடையாது.

2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்து லீக் உயிர் பெற்றபோதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் பிறந்தது. 2024 டிசம்பர் கடைசியில் ரூர்கேலாவில் தொடங்கிய முதல் சீசனில் டிராகன்ஸ் அரையிறுதி வரை போனது. அங்கே பெங்கால் டைகர்ஸோடு 2-2 சமன். ஷூட்அவுட்டில் தோல்வி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் சூர்மா அணியிடம் தோற்று நாலாவது இடம். புது அணிக்கு இது மோசமில்லை. 2026 ஜனவரி சீசனில் ராஞ்சி, புவனேஸ்வரோடு சென்னைக்கும் ஆட்டங்கள் வந்தன.

ஆக, இந்த அணிக்கு வயசு ரொம்பக் கம்மி. முன்னால் வந்த இரண்டு அணிகளும் இன்று பெயரளவில்கூட ஞாபகம் இல்லை. சென்னை வீரன்ஸில் யார் நன்றாக ஆடினார்கள் என்று ஃபேர்லேண்ட்ஸ் பசங்களைக் கேட்டால் 'ஙே' என்று முழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்கு வைக்காத ஆட்டம் மறந்துதான் போகும்.

ஒரு பெனால்டி கார்னர், எத்தனை கை?

ஹாக்கியில் ஒரு பெனால்டி கார்னர் கோல் எப்படி வருகிறது என்று ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு ஃபார்வர்டு பந்தோடு 'டி' வட்டத்துக்குள் நுழைய வேண்டும். கோலில் இருந்து 14.63 மீட்டர் ஆரத்தில் வளைகிற கோடு அது. அதற்குள் இரண்டு டிஃபெண்டர்கள் மட்டையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவரின் காலில் பந்து படும்படி செய்தோ, தப்பு செய்ய வைத்தோ அவர் பெனால்டி கார்னர் வாங்க வேண்டும். அதிர்ஷ்டத்தால் நடப்பது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பல வருஷம் பழகி வருகிற வித்தை.

அடுத்து, கோல்கம்பத்தில் இருந்து 10 மீட்டர் தள்ளி, கடைசிக் கோட்டின் மேல் பந்தை வைத்து ஒருவர் உள்ளே தள்ளிவிடுவார். பந்து வட்டத்துக்கு வெளியே போயாக வேண்டும். அங்கே ஒருவர் மட்டையைத் தரையில் படுக்க வைத்து அதை அப்படியே நிறுத்துவார். தள்ளுவது கொஞ்சம் மெதுவானாலும், நிறுத்துவது ஒரு சாண் தவறினாலும் கதை முடிந்தது. இவ்வளவும் சரியாக நடந்த பிறகுதான் டிராக்ஃப்ளிக் நாயகன் வருகிறார். பந்தை மட்டையில் இழுத்து வீசுகிறார். வலை ஆடுகிறது. கேமரா அவர் முகத்தில். புள்ளியும் அவருக்கே.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை இருக்கிறது. தடுக்கும் அணிக்கு கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அந்த ஐவரில் ஒருவர், பந்து தள்ளப்பட்ட அடுத்த நொடி முகமூடியோடு ஃப்ளிக் அடிப்பவரை நோக்கி நேராக ஓடுவார். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய வேகத்தில் வரும் கெட்டிப் பந்தின் வழியில், தெரிந்தே, தன் மட்டையையும் உடம்பையும் கொண்டுபோய் வைப்பார். அவர் தடுத்துவிட்டால் கோல் இல்லை. ஸ்கோர்போர்டு மாறாது. ஸ்கோர்போர்டு மாறாததால் புள்ளியும் இல்லை!

வாங்கித் தந்தவர், தள்ளியவர், நிறுத்தியவர், அடித்தவர், தடுக்கப் பாய்ந்தவர் என ஐந்து வேலை. ஆட்டத்தாளில் ஏறுவது ஒரே பெயர். கோல் யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம், களக் கோலா, பெனால்டி கார்னரா, பெனால்டி ஸ்ட்ரோக்கா, யாருக்கு என்ன கார்டு. வழக்கமான ஆட்டத்தாள் இதோடு நின்றுவிடும். கோலுக்கு வழிசெய்த பாஸ் யாருடையது என்று அதில் ஒரு கட்டமே கிடையாது. ஃபேண்டஸிக்காரர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். தாளில் இல்லாதவன் ஆட்டத்திலேயே இல்லை என்று முடிவாகிவிடுகிறது.

தட்டுவடை செட்டில் மேலே கண்ணுக்குத் தெரிவது தட்டுவடை. சட்னியையும் நடுவே வைத்த துருவல் காயையும் எடுத்துவிட்டு இரண்டு வடையை மட்டும் கையில் கொடுத்தால் ஃபேர்லேண்ட்ஸில் எவனாவது செட் என்று ஒத்துக்கொள்வானா?

பாரிஸில் ஒரு செவ்வாய்க்கிழமை

"பாய்ந்து தடுப்பவன் அவ்வளவு முக்கியமா?" என்று கேட்பவர்களுக்கு பாரிஸ் 2024-ஐ ஞாபகப்படுத்தலாம்.

ஆகஸ்ட் 4, காலிறுதி. இந்தியாவுக்கு எதிரே பிரிட்டன். 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று இழுத்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று ஜெயித்தது இந்தியா. அதையெல்லாம் எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அந்த அட்டையால் ரோஹிதாஸ் ஆகஸ்ட் 6 அரையிறுதியில் ஆட முடியவில்லை. இந்தியாவின் பெனால்டி கார்னர் தடுப்பில் முதலில் பாய்கிறவர் அவர்தான். அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் முதல் கோல் 18-வது நிமிடத்தில் வந்தது. பெனால்டி கார்னர். அடித்தவர் கொன்சாலோ பெய்லாட். கடைசியில் 3-2 என்று ஜெர்மனி ஜெயித்தது.

ரோஹிதாஸ் இருந்திருந்தால் அந்தப் பந்தைத் தடுத்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் இல்லை என்றதும் இந்தியா முழுக்க ஹாக்கி பார்ப்பவர்கள் எதற்குப் பயந்தார்கள்? கோல் அடிக்க ஆள் இல்லையே என்றா? அதற்கு ஹர்மன்பிரீத் சிங் இருந்தார், அந்த ஒலிம்பிக்கில் அவர் மட்டும் 10 கோல். பெனால்டி கார்னரில் முதலில் ஓட யார் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை. பார்க்கிறவனுக்குத் தெரிகிற மதிப்பு புள்ளிப் பட்டியலுக்குத் தெரியவில்லை.

காசு கொடுப்பவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். அதே 2024 அக்டோபர் ஏலத்தில் ஒவ்வொரு ஆண்கள் அணிக்கும் மொத்தம் 4 கோடி ரூபாய்தான், அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். பெய்லாட்டை ஹைதராபாத் தூஃபான்ஸ் 68 லட்சத்துக்கு எடுத்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் டிராக்ஃப்ளிக் வீரர் யிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்தது. அதே டிராகன்ஸ் ரோஹிதாஸுக்குக் கொடுத்தது 48 லட்சம்! கோல் அடிப்பதே தொழிலான ஆளுக்கும், கோல் விழாமல் பார்ப்பதே தொழிலான ஆளுக்கும் இடையே ஏலக்காரர்கள் பார்த்த வித்தியாசம் ஆறே லட்சம். (ரோஹிதாஸும் அவ்வப்போது ஃப்ளிக் அடிப்பார், அதையும் சேர்த்துத்தான் விலை. ஆனால் அதற்காக மட்டும் 48 லட்சம் யாரும் தர மாட்டார்கள்.) வழக்கமான கோல் கணக்கில் இதே இருவரையும் வைத்துப் பார்த்தால் ஒருவர் மலை, இன்னொருவர் மடு. எது சரி? கையில் இருக்கிற காசைப் போட்டவர்களின் கணக்கா, காப்பி அடித்த பட்டியலா?

ஐஸில் ஆடுகிறவர்கள் எப்படிச் செய்தார்கள்

'ஃபேண்டஸி ஹாக்கி' என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க, கனடா ஐஸ் ஹாக்கிதான். அங்கே இது பெரிய பொழுதுபோக்கு. ஏன் அங்கே எடுபடுகிறது? ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்குக் காரணமான பாஸ் கொடுத்தவர்களில் இரண்டு பேர் வரை அதிகாரபூர்வக் கணக்கிலேயே பெயர் ஏறும். கோலுக்கு ஒரு புள்ளி, அந்த பாஸுக்கும் ஒரு புள்ளி. கோல் அடித்தவனும் கொடுத்தவனும் அங்கே சமம்.

இதன் பலன் என்ன தெரியுமா? வேய்ன் கிரெட்ஸ்கி. என்.ஹெச்.எல். லீக்கில் அவர் அடித்தது 894 கோல். அந்தச் சாதனையை 2025 ஏப்ரலில் ஓவெச்கின் முறியடித்துவிட்டார். ஆனால் கிரெட்ஸ்கியின் கோல்-பாஸ்கள் 1,963. லீக் வரலாற்றில் மொத்தப் புள்ளிகளில் இரண்டாவது இடத்தில் இருக்கும் யாகர், கோலும் பாஸும் சேர்த்தே எடுத்தது 1,921. அதாவது கிரெட்ஸ்கி வாழ்நாளில் ஒரு கோல்கூட அடிக்காமல் இருந்திருந்தாலும் அவர்தான் முதல் இடம்!

அந்த லீக் பாஸைக் கணக்கில் எழுதாமல் விட்டிருந்தால்? கிரெட்ஸ்கி நிறைய கோல் அடித்த ஒருவர், இப்போது அந்தச் சாதனையும் போய்விட்டது என்பதோடு கதை முடிந்திருக்கும். எழுதி வைத்ததால்தான் அவர் எப்படி ஆடினார் என்பது இன்று பிறக்கிற குழந்தைக்கும் தெரிகிறது. புல்தரை ஹாக்கியில் எத்தனை கிரெட்ஸ்கிகள் எழுதப்படாமலே போனார்களோ!

இந்திய லீக்குக்கும் ஒரு காலத்தில் இந்தச் சந்தேகம் வந்தது. 2016, 2017 சீசன்களில் ஹாக்கி இந்தியா லீக்கில் ஒரு களக் கோலுக்கு இரண்டு கோல் என்று விதி வைத்தார்கள். எல்லோரும் பெனால்டி கார்னரையே நம்பிக் கிடக்காமல் பாஸ் கொடுத்து ஆடட்டும் என்று. கோலின் மதிப்பையே மாற்றலாம் என்றால், நோட்டில் எழுதுகிற புள்ளியை மாற்றினால் என்ன குடியா முழுகிவிடும்?

"ஆனால்..." என்று இழுப்பவர்களுக்கு

முதல் ஆட்சேபம்: "கடைசியில் கோப்பையை ஜெயித்தது டிராக்ஃப்ளிக்தானே?" உண்மை. 2025 பிப்ரவரி 1 இறுதி ஆட்டத்தில் பெங்கால் டைகர்ஸ் 4-3 என்று ஹைதராபாத்தை வென்றது. ஜுக்ராஜ் சிங் மூன்று கோல். சீசனிலும் அதிக கோல் அவர்தான், 12. அவருக்குப் புள்ளியே கொடுக்கக் கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சொல்வது, அந்த 12-க்கும் பின்னால் தள்ளியவர், நிறுத்தியவர், வாங்கித் தந்தவர் யார் யார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லையே, அது எப்படி என்பதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: "ஃபேண்டஸியே சூதாட்டம், அதில் நியாயமான பட்டியல் என்ன, அநியாயமான பட்டியல் என்ன?" இதைச் சொல்பவர்களின் கோபம் நியாயமானது. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2021-இல் மாநில அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அதன்பின் புதுச் சட்டம், மறுபடி வழக்கு. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் போட்டது. ஃபேண்டஸி செயலிகளின் பணப் போட்டிகளும் அதோடு நின்றன.

நின்றது நல்லது! பணம் இருந்தவரை பட்டியல் மாறுவதற்கு வழியே இல்லை. பத்து நிமிஷத்தில் டீம் போட்டு, பத்து நிமிஷத்தில் பணம் போட்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஓட வேண்டும். பந்தை நிறுத்தியவன் யார் என்று பார்க்க அங்கே யாருக்குப் பொறுமை? கோல் என்பது எண்ணுவதற்குச் சுலபம், அதனால் கோலை மட்டும் எண்ணினார்கள். பணம் போன பிறகு ஃபேண்டஸி செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு ஹாக்கி மேல் இருந்தது ஆசையில்லை, லாட்டரிச் சீட்டு ஆசை. ஆட்டத்தைப் பார்ப்பதற்காக ஆடுகிற ஃபேண்டஸிக்கு இனிமேல்தான் காலம்.

மூன்றாவது: "யாருப்பா உட்கார்ந்து இதையெல்லாம் எண்ணுவது?" நாலு பேர் போதும். ஒரு ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு கால்பகுதி, மொத்தம் 60 நிமிடம். கால்பகுதிக்கு ஒருவர் நோட்டைப் பிடித்தால் முடிந்தது. மற்ற மூவரும் "அது அவன் பாஸ்டா, இல்லடா இவன் பாஸ்" என்று கத்தினால் இன்னும் நல்லது, தப்பு வராது. 1980-இல் நியூயார்க்கில் பேஸ்பால் பைத்தியங்கள் சிலர் ஓர் உணவகத்தின் பெயரில் தொடங்கிய லீக்தான் இன்றைய ஃபேண்டஸிக்கெல்லாம் தாத்தா. அவர்களிடம் செயலியா இருந்தது? செய்தித்தாளில் வரும் ஆட்டக்கணக்கைப் பார்த்துக் கையால் கூட்டிக் கழித்தார்கள். சாப்பாட்டுக் கடையில் பிறந்த ஆட்டம் தட்டுவடை வண்டிக்கு வருவதில் என்ன கௌரவக் குறைச்சல்? :-)

சரி, புதுப் பட்டியல்

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுவது மொக்கைப் பதிவு என்பதால், மாற்றும் இதோ:

களக் கோல் அடித்தவருக்கு 5. கடைசி பாஸ் கொடுத்தவருக்கு 3. அதற்கு முந்தைய பாஸுக்கு 1.
பெனால்டி கார்னர் கோல் அடித்தவருக்கு 3. பந்தைத் தள்ளியவருக்கு 1, நிறுத்தியவருக்கு 1.
பெனால்டி கார்னர் வாங்கித் தந்தவருக்கு 2. அது கோலானாலும் ஆகாவிட்டாலும்.
பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து தடுத்தால் 3.
கோல்கீப்பர் பெனால்டி கார்னரைத் தடுத்தால் 2. ஷூட்அவுட்டில் தடுத்தால் 3.
பச்சை அட்டை 1 குறையும், மஞ்சள் 3, சிவப்பு 6. (ரோஹிதாஸ் ரசிகர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.)

ஒரு கற்பனை ஆட்டத்தை வைத்துப் பார்க்கலாம். டிராக்ஃப்ளிக் வீரர் இரண்டு கோல் அடிக்கிறார். ஒரு ஃபார்வர்டு கோலே அடிக்கவில்லை, ஆனால் மூன்று பெனால்டி கார்னர் வாங்கித் தருகிறார். ஒரு டிஃபெண்டர் இரண்டு தடவை பாய்ந்து தடுக்கிறார். பழைய பட்டியலில் முதல் ஆளுக்கு எல்லாம், மற்ற இருவருக்கும் பூஜ்யம். புதுப் பட்டியலில்? மூவருக்கும் ஆறு ஆறு. ஆட்டத்தைப் பார்த்தவனிடம் கேட்டாலும் மூவருமே ஜெயிக்க வைத்தார்கள் என்றுதான் சொல்வான்.

இதை வைத்து டிராகன்ஸின் அடுத்த சீசனைப் பார்த்தால் கணிப்பே தலைகீழாகிறது. ஏலமும் தக்கவைப்பும் வீரர்களை மாற்றும், ஆனால் வேலைகள் மாறாது. டிராக்ஃப்ளிக் வீரரை ஐவரில் ஒருவராக எடுக்கலாம், ஆனால் கேப்டன் பதவி அவருக்கு வேண்டாம். அணி பெனால்டி கார்னர் வாங்காத நாளில் அவர் சும்மா இருப்பார். எதிரணி எவ்வளவு பலமோ அவ்வளவு பெனால்டி கார்னர் வரும் என்பதால், முதலில் பாய்கிற டிஃபெண்டர் கஷ்டமான ஆட்டங்களில்தான் அள்ளுவார். பந்தைத் தள்ளுகிறவரை எல்லோரும் மறப்பார்கள், சீசன் முழுக்க ஒன்று ஒன்றாகச் சேர்ப்பார். ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், ஆகவே ஃபார்வர்டுகளில் பேர் பெற்றவரை விட அதிக நேரம் களத்தில் இருப்பவரைப் பார்த்து எடுக்க வேண்டும். கோல்கீப்பர் கட்டாயம். டிராகன்ஸின் முதல் சீசன் இறுதி ஆட்டம் வரை போகாமல் நின்றதே ஒரு ஷூட்அவுட்டில்தான். ஷூட்அவுட்டில் அடிக்கிற கோல் யாருடைய கோல் கணக்கிலும் ஏறாது, ஆனால் அதுதான் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் இந்தியாவும் பெல்ஜியமும் 2-2. ஷூட்அவுட்டில் இந்தியாவைக் காப்பாற்றியது கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங். அன்றைக்கு கேலரியில் இருந்தவர்கள் வேறு யார் பெயரையாவது கத்தியிருப்பார்களா?

விளையாட்டுக்குத்தானே?

"எல்லாம் சும்மா விளையாட்டுக்குத்தானே, எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். டென்ஷனுக்குக் காரணம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருந்து இந்திய அணிக்குப் போன செல்வம் கார்த்தி ஒரு ஃபார்வர்டு. அரியலூர்க்காரர், கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானை இந்தியா 5-0 என்று வென்றபோது ஐந்தாவது கோல் அவருடையது. எழும்பூர் மைதானமே எழுந்து நின்றது. டிராகன்ஸிலும் ஆடினார். ஆனால் அவர் மாதிரி ஃபார்வர்டு ஒருவர் 'டி'க்குள் பத்து தடவை புகுந்து, அடி வாங்கி, விழுந்து, பெனால்டி கார்னர் வாங்கித் தருகிற நாளில் பழைய பட்டியல் அவருக்குத் தருவது என்ன? முட்டை. அப்புறம் "டிராகன்ஸில் வெளிநாட்டுக்காரங்கதான்டா ஆடுறாங்க" என்று அந்தப் பட்டியலைப் பார்த்தே ஒருவன் சொல்வான். ஆடுகிறவனை எண்ணாமல் விட்டுவிட்டு, ஆடவில்லை என்று பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு ஸ்கூல் கிரவுண்டில் மட்டையைத் தூக்குகிற பையனுக்கும் இது போய்ச் சேர்கிறது. அவன் டி.வி.யில் பார்ப்பது ஃப்ளிக், பேப்பரில் படிப்பது கோல், அண்ணன்மார் நோட்டில் பார்ப்பதும் கோல். அவனும் ஃப்ளிக் அடிக்கத்தான் ஆசைப்படுவான். முகமூடி போட்டுக்கொண்டு பந்துக்கு எதிரே ஓட எவன் வருவான்? பதினோரு பேரும் கோல் அடிக்க மட்டும் ஆசைப்படுகிற அணி எங்கே ஜெயித்தது?

இரண்டு அணிகள் தமிழ்நாட்டுப் பெயரோடு வந்து காணாமல் போயின. மூன்றாவதும் அப்படிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதை முடிவு செய்வது முதலாளிகளும் ஸ்பான்சர்களும். ஆனால் டிராகன்ஸில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தால், அணி போனாலும் ஆடியவர்கள் போக மாட்டார்கள். அந்த நோட்டைப் பிடிக்க முதலாளி வேண்டாம், செயலி வேண்டாம்.

ஃபேர்லேண்ட்ஸ் தட்டுவடை வண்டியில் அன்றைக்கு இரண்டாவது ரவுண்டு செட் வருவதற்குள் நாலாவது பையன் ஒரு காரியம் செய்தான். நோட்டில் கோல் என்று ஒரே ஒரு கட்டம் இருந்த பக்கத்தில், ஸ்கேல் இல்லாமல், கோணல்மாணலாக இன்னும் நாலு கோடு போட்டான். வாங்கியது, தள்ளியது, நிறுத்தியது, தடுத்தது.

"இதை யார்றா ரொப்புறது?" என்று கேட்டான் ஒருவன்.

"தோத்தவன்தான் அடுத்த மேட்ச்சுக்கு நோட்டு எழுதணும்."

அந்த விதிக்கு மட்டும் மூன்று பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். தோற்கப்போவது அவன்தான் என்ற நம்பிக்கை. பழைய பட்டியலை நம்பியவர்களின் நம்பிக்கை அது. சீசன் தொடங்கட்டும், பார்க்கலாம்.

டிஸ்கி: இந்த நோட்டு லீக்கில் பணம் கிடையாது. தட்டுவடைக்கு அவரவர் காசு. புள்ளிப் பட்டியலில் ஓட்டை கண்டுபிடிக்கிறவர்கள் திட்டுவதோடு நிறுத்தாமல் மாற்றும் சொல்லிவிட்டுப் போகவும்.